மூடியில் எழுதிய பெயர்

பிப்ரவரி 4

இன்று காலை பதினொன்றே காலுக்கு நான் விஞ்ஞானி ஆனேன். அதுவரை முப்பத்தாறு வயது ஜெயக்கொடி. ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆய்வு மாணவி. கௌரவம் என்பது பதவியின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து மரபணு அறிக்கை வந்துவிட்டது. திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் இருந்து நான் பிரித்தெடுத்த இருபத்தேழு பாக்டீரியாக்களில் பதினாலாவதை மட்டும் அனுப்பியிருந்தேன். அதன் மொத்த மரபணுவையும் படித்து, ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்ட சொந்தக்காரர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மிக நெருங்கிய சொந்தத்தோடு ஒற்றுமை எண்பத்தொன்பது சதவீதம். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் வேறு இனம் என்பது இந்தத் துறையின் கணக்கு. அதாவது, என் ‘தேரி-14’க்கு உலகத்தில் இதுவரை பெயரே இல்லை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு என் நெறியாளர் எபனேசர் சாரின் அறைக்கு ஓடினேன். வழியில் ஸ்டூலில் முட்டிக்கொண்டேன். வரலாற்றுத் தருணங்களில் முழங்கால் வலிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

“முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல இதுதாம்மா முத தடவ,” என்றார். “மே முப்பத்தொண்ணு நான் ரிட்டயர்டு. தெரியும்லா?”

தெரியும். எனக்கும் ஒரு தேதி இருக்கிறது. ஜூன் முப்பதோடு என் ஆறு வருடப் பதிவு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த ஆண்டு வகுப்பு கிடையாது என்று என் கல்லூரி முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறது. மற்ற இருபத்தாறு பாக்டீரியாக்களும் ஊருக்கே தெரிந்த பழைய ஆசாமிகள். அவர்களை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினால் வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்கும். பதினாலு புதிது என்றால் நான் பிழைத்தேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். லிங்கத்துரை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். “அப்ப நோபல் பரிசா?” என்றார். இல்லை, பெயர் வைக்கும் உரிமை மட்டும்தான் என்றேன். “யாரு பேர?” என்றார்.

பிப்ரவரி 6

யாருடைய பெயர் என்பது இன்று தெளிவாகிவிட்டது.

புதிய இனத்துக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் அநாகரிகம். அடுத்தவர்தான் வைக்க வேண்டும். ஆகவே, அடுத்தவருக்கு அந்த எண்ணம் வரும்வரை பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். எபனேசர் சார் இன்று என் மேசைப் பக்கம் நான்கு முறை வந்தார்.

“என்கூடப் படிச்சவன் ஒருத்தன். அவன் பேர்ல ஒரு பூஞ்சை இருக்கு. கால் விரலிடுக்குல வர்ற பூஞ்சைதான். இருந்தாலும் பேரு பேருதானம்மா?”

“ஆமா சார். நம்ம பாக்டீரியாவுக்கு உங்க பேர வைக்கலாம்னு நெனச்சேன்.”

“சேச்சே, எனக்கு எதுக்கு?” என்றார். அதன் பிறகு ஐந்தாவது முறை வரவில்லை.

பிப்ரவரி 11

புதிய இனத்துக்கு ஒரு ஜாதகம் எழுத வேண்டும். நிறம், வடிவம், என்ன தின்னும், எந்தச் சூட்டில் வளரும், எங்கே பிறந்தது. நிறம் எழுதினேன்: பொன் கலந்த ஆரஞ்சு. வடிவம் எழுதினேன்: குச்சி. பிறந்த இடத்துக்கு வந்ததும், சரியான தேதி வேண்டும் என்று போன ஆகஸ்ட் மாதத்து ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம்.

பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டுக்கு அடி உண்டு, மூடி உண்டு. எந்த மண் என்பதை அடியில்தான் எழுத வேண்டும். மூடி ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். அடி போகாது, ஏனென்றால் பாக்டீரியா அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதை ஒவ்வொரு ஆண்டும் முதல் செய்முறை வகுப்பில் நான் கத்திச் சொல்வது வழக்கம். “மூடியில எழுதுறவங்க நாளையில இருந்து வேற டிபார்ட்மென்ட் பாத்துக்கலாம்” என்பது என் வசனம். மாணவிகள் என்னைப் போலவே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும்.

ஆகஸ்ட் 21-ஆம் தேதிப் பக்கத்தில், என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘தேரி மணல் ஆறு தட்டு, ஒப்பீட்டுக்கு வளாகத்து மண் ஆறு தட்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததால் அடி வியர்த்திருந்தது, மார்க்கர் எழுதவில்லை. மூடியில் குறித்தேன்.’ அதற்குக் கீழே, ஆகஸ்ட் 23: ‘சேசையா அண்ணாச்சி இன்குபேட்டரைத் துடைக்கத் தட்டுகளை வெளியே எடுத்தபோது அடுக்கு சரிந்தது. மூடிகள் திரும்பப் போடப்பட்டன.’

வளாகத்து மண் என்பது கேண்டீனுக்குப் பின்னால், கைக்கு எட்டிய இடத்தில் அள்ளியது.

மூடிகள் சரியாகத்தான் போடப்பட்டிருக்கும். யார் போட்டது என்று குறிப்பேட்டில் இல்லை. போட்டது நான்தான். ஆய்வக உதவியாளரான அண்ணாச்சி பதறிப்போய் நின்றார். ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே போட்டேன்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதில் ஒரு விஷயமும் இல்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

பிப்ரவரி 23

ஞாயிற்றுக்கிழமை. கட்டுரைக்குப் புகைப்படம் வேண்டும் என்று சொல்லி லிங்கத்துரையைத் தேரிக்குக் கூட்டிப் போனேன். அவருடைய ஊர் தேரியை ஒட்டித்தான் இருக்கிறது. பனைகளும் முந்திரி காய்க்கும் கொல்லாமரங்களும் போக, கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல். நடக்கும்போது கால் கணுக்கால் வரை உள்ளே போகும். வெளியே எடுத்தால் செருப்பு மட்டும் உள்ளேயே இருக்கும்.

“போட்டோ எடுக்கதுக்கு எதுக்கு ஏட்டி பன்னெண்டு டப்பா?” என்றார்.

“சும்மா.”

“வேகாத வெயில்ல சும்மா மண்ணு அள்ளுத பொண்டாட்டி எனக்குத்தான் வாய்ச்சிருக்கா.”

ஆறாண்டுகளாக இந்த மனிதர் பைக்கில் என்னை இங்கே கொண்டு வந்து விட்டு, பனை நிழலில் உட்கார்ந்து காத்திருந்து, திரும்பக் கூட்டிப் போகிறார். இன்றும் அப்படியே உட்கார்ந்திருந்தார். மணலில் வெப்பமானியைச் செருகினேன். ஐம்பத்திரண்டு டிகிரி. பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்தேன். தட்டுகளில் எல்லாம் அடியில் எழுதினேன்.

புகைப்படமும் எடுத்தோம். நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

மார்ச் 3

பன்னிரண்டு இடத்து மண்ணிலும் பதினாலு இல்லை. பழைய ஆசாமிகள் மட்டும் வந்து நலம் விசாரிக்கிறார்கள்.

மிக அரிதான இனம் போலிருக்கிறது. ‘அரிதான’ என்று கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன். மதிப்பு கூடத்தான் செய்யும்.

மார்ச் 10

இரண்டு வாரமாக நடந்த சோதனைகள் முடிந்தன. முப்பது டிகிரியில் பதினாலு தளதளவென்று வளர்கிறது. முப்பத்தேழில் சோம்பல். நாற்பதில் சாவு. உப்பு ஒரு சதவீதம் தாண்டினாலும் சாவு. ஆனால் மாவுச்சத்தும் எண்ணெயும் கொடுத்தால் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்தவர் மாதிரி சாப்பிடுகிறது.

தேரியில் எண்ணெய்க்கு எங்கே போகும் என்று ஒரு நொடி தோன்றியது. கொல்லாங்கொட்டையில் எண்ணெய் உண்டே என்று மறுநொடி ஞாபகம் வந்தது. இக்கட்டில் என் மூளை எவ்வளவு வேகமாக உதவிக்கு வருகிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது. இதே வேகம் முதுகலைத் தேர்வில் இருந்திருந்தால் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பேன்.

கட்டுரையில் இப்படி எழுதினேன்: ‘பகலின் கடுஞ்சூட்டைத் தவிர்க்க இவ்வினம் பனையின் வேரடியில் ஆழமாக ஒதுங்கி வாழ்வதாகக் கருத இடமுண்டு.’ இடமுண்டு! எவ்வளவு தாராளமான சொல்!

மத்தியானம் சாரிடம் காட்டினேன். சார் எதையும் பச்சை மையில் திருத்துவார். அவர் கைபட்ட தாள் வயல் மாதிரி இருக்கும். முதல் பக்கத்தில் பதினோரு கால்புள்ளியைத் திருத்தினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தியையே அடித்தார். மூன்றாம் பக்கத்தில் வெப்ப அட்டவணை. அதை வெகுநேரம் பார்த்தார். பேனாவை எடுத்தவர் ஒன்றும் எழுதாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

முழுப் பக்கமும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 19

பேப்பரில் வந்துவிட்டது. ‘தேரிக்காட்டில் புதிய பாக்டீரியா: பேராசிரியர் சாதனை.’ படத்தில் சார் நுண்ணோக்கிக்குள் பார்க்கிறார். ஓரத்தில் தெரியும் முழங்கை என்னுடையது.

நிருபர் என்னிடமும் போனில் பேசியிருந்தார். “மேடம், இது கேன்சரக் குணப்படுத்துமா?” என்றார். தெரியாது என்றேன். “குணப்படுத்தாதுன்னு சொல்ல முடியுமா?” என்றார். அதுவும் முடியாது என்றேன். ‘புற்றுநோய்க்குத் தீர்வாகுமா?’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

லிங்கத்துரையின் ஊர்க்காரர்கள் தேரிக்குச் சாலை பிரியும் விலக்கில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘எங்கள் மண்ணின் புகழை உலகறியச் செய்த எங்கள் வீட்டு மருமகளே வருக.’ பாக்டீரியா படம் கிடைக்காததால் இணையத்தில் தேடி முள்முள்ளாக ஒரு வைரஸைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் சிரித்துக்கொண்டு நான், கல்யாண ஆல்பத்துப் படம். லிங்கத்துரை அதைப் படம் எடுத்துப் பயிற்சி காரின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஓட்டுகிறார். பின்னால் வருகிற பேருந்தெல்லாம் என் கல்யாணத்தைப் பார்க்கிறது.

ஏப்ரல் 2

கட்டுரையைச் சர்வதேச இதழுக்கு அனுப்பினோம். அனுப்புகிற பொத்தானை அழுத்து என்று சார் சொன்னார். நீங்களே அழுத்துங்கள் சார் என்றேன். கடைசியில் அவர் கையை நீட்டி, என் விரலை வைத்து அழுத்தினார்.

ஏப்ரல் 16

ஒரு சின்ன ஆர்வத்தில், வேறு எந்தக் காரணமும் இல்லாமல், கேண்டீனுக்குப் பின்னால் போனேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாய்க்காலாக ஓடி மண்ணில் ஊறும் இடம். சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு முருங்கைக்காய்ச் சக்கை. குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது கேண்டீன் நடத்தும் வெள்ளத்தாய் அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சர், கம்மல் விழுந்துட்டா?”

“ஆமா அக்கா.”

பாவம், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவரும் வந்துவிட்டார். இருவரும் கால் மணி நேரம் தேடினோம். “எந்தக் காது டீச்சர்?” என்று நிமிர்ந்து பார்த்தார். என் இரண்டு காதிலும் கம்மல் இருந்தது.

“மூக்குத்தி அக்கா,” என்றேன். நான் மூக்குக் குத்தியதில்லை. அவர் என் மூக்கைப் பார்த்தார், கையில் இருந்த மண் டப்பாவைப் பார்த்தார், விளக்குமாற்றோடு உள்ளே போய்விட்டார். நல்ல பொய் சொல்வதற்கும் ஒரு படிப்பு வேண்டும். அதிலும் நான் பகுதி நேரம்தான்.

ஏப்ரல் 19

கேண்டீன் மண் போட்ட மூன்று தட்டிலும் பொன் கலந்த ஆரஞ்சு.

ஏப்ரல் 28

தட்டில் வந்த பொன்னிறக் கூட்டத்தை ஒப்பீட்டுக்கு அனுப்பியிருந்தேன். இன்று முடிவு வந்தது. நூற்றுக்கு நூறு. அதே ஆசாமி. பெயர் இல்லாதவர், உலகத்துக்குப் புதியவர், கேண்டீன் வாய்க்காலில் சோற்றுக்கஞ்சி குடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் சௌக்கியமாக இருக்கிறார். அவரைத் தேடி நான் ஆறாண்டு தேரியில் செருப்பைத் தொலைத்தேன்.

புதிய இனம் என்பது பொய்யில்லை. தேரி என்பதுதான் பொய். ஆனால் என் ஆய்வேட்டின் தலைப்பே தேரிதான்.

லிங்கத்துரையிடம் சொன்னேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு நின்றார்.

“தேரியில இல்லன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும்.”

வாயைக் கொப்பளித்துவிட்டு வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். “சரி. ஃப்ளெக்ஸ எப்பிடி எறக்க?” என்றார். “கட்டுனவனுவ ஒரு வாரம் லீவு போட்டுல்லா கட்டுனானுவ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். சார் ஓய்வு பெற இன்னும் ஒரு மாதம்தான். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை என்று அவர் சொன்னது காதிலேயே நிற்கிறது. அவரிடம் போய் எந்த வாயால் சொல்வது?

மே 6

இதழிலிருந்து மதிப்பீட்டாளர்களின் கடிதம் வந்தது. சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்தால் ஏற்றுக்கொள்வார்கள். எங்கே மாட்டிக்கொண்டேன் என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எங்கேயும் மாட்டவில்லை. இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதுகிறார்: ‘பனையின் வேரடியில் ஒதுங்கி வாழ்வது பற்றிய ஆசிரியர்களின் விளக்கம் மிகவும் சுவையானது.’

கட்டுரை முழுவதிலும் பாராட்டப்பட்ட ஒரே வாக்கியம் நான் புளுகியது.

மே 9

இன்று சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு சாரின் அறைக்குப் போனேன். சார் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். பழைய ஆய்வேடுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, “திருத்தம் முடிஞ்சுதாம்மா?” என்றார். குறிப்பேட்டையும் கேண்டீன் தட்டையும் ஒப்பீட்டு முடிவையும் மேசையில் வைத்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு மறந்துவிட்டது.

“சார், பதினாலு தேரியில இல்ல. கேண்டீன் பின்னால இருக்கு. நான் மூடியில எழுதிட்டேன் சார்.”

சார் கயிற்றை விடவில்லை. முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தட்டைத் திருப்பி அடியைப் பார்த்தார். ஒப்பீட்டைப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“எப்ப தெரியும்?”

“ஏப்ரல்ல சார்.”

தலையை ஆட்டினார். “நாப்பது டிகிரியில சாகுற ஜீவன் தேரியில எப்பிடிம்மா குடியிருக்கும்?” என்றார், ஏதோ வகுப்பில் கேட்பது போல. “மார்ச் மாசம் அந்த அட்டவணையப் பாத்த ஒடனே பேனாவ எடுத்தேன். பிறகு வச்சிட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“நீயா வந்து சொல்லட்டும்னு காத்திருந்தேன்னு சொல்லலாம். கேக்க நல்லா இருக்கும். முப்பத்தோரு வருஷம் வாத்தியாரா இருந்தவன் அப்பிடித்தான் சொல்லணும்.” கண்ணாடியைக் கழற்றினார். “நீ சொல்லாம இருந்துரணும்னுதாம்மா காத்திருந்தேன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வரி, பச்சை மையில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் மார்ச் மாதமே முடிந்திருக்கும் என்று மனதுக்குள் கத்தினேன். கத்தும்போதே, குறிப்பேடு பிப்ரவரியிலிருந்து யார் கையில் இருக்கிறது என்பதும் ஞாபகம் வந்தது.

மே 12

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினோம். பிறந்த இடம் தவறு, சரி செய்து மறுபடி அனுப்புவோம் என்று நாலு வரி. என் ஆயுளில் இவ்வளவு சுருக்கமாக எதையும் எழுதியதில்லை.

பதினாலு மட்டும் போகவில்லை. அன்று சரிந்த அடுக்கிலிருந்து பிரித்த இன்னும் எட்டுப் பேரும் தேரியா கேண்டீனா என்று சொல்ல முடியாதவர்கள். அவர்களையும் எடுத்தாயிற்று. இருபத்தேழில் மிச்சம் பதினெட்டு. புதிதாக மண் எடுத்து, வளர்த்து, அடையாளம் கண்டு, அந்த இடத்தை நிரப்பக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். எனக்கு இருப்பது ஏழு வாரம்.

மே 31

சாருக்குப் பிரிவு உபசார விழா. சால்வைகள், பூங்கொத்துகள், வெள்ளத்தாய் அக்கா கடையிலிருந்து கேசரியும் வடையும். பேசியவர்கள் எல்லோரும் தேரி பாக்டீரியாவைப் பற்றிப் பேசினார்கள். நான் கடைசி வரிசையில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், தின்னவில்லை.

சார் ஏற்புரைக்கு எழுந்தார். எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “எல்லாரும் சொன்ன அந்தப் பாக்டீரியா தேரியில கிடைச்சதில்ல. நம்ம கேண்டீனுக்குப் பின்னால சாக்கடை மண்ணுல கிடைச்சது. எங்க லேப்ல நடந்த தப்பு. பேப்பர்காரங்களுக்கும் எழுதிட்டேன்.”

சார் நகைச்சுவை சொன்னார் என்று நினைத்துச் சேசையா அண்ணாச்சி மட்டும் கைதட்டினார். இரண்டு தட்டு தட்டிவிட்டு, யாரும் தட்டவில்லை என்று பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். யாரோ கையில் இருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்ததையும் பார்த்தேன்.

ஜூன் 3

வெள்ளத்தாய் அக்கா எனக்கு டீ தர மாட்டேன் என்றுவிட்டார்.

“மூக்குத்தியத் தேடுதேன்னு வந்து கிருமியப் புடிச்சிட்டுப் போயிருக்க. எங் கடையில கிருமி நெளியுதுன்னு மைக்குல சொல்லியாச்சி. நேத்து ஒரு ஆளுகூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வரல.”

அது கெடுதல் செய்யாது, மண்ணில் இருக்கிறது, எண்ணெயைத் தின்று மண்ணைச் சுத்தம் செய்கிறது என்று விளக்கினேன். நல்ல சமயம் என்று நினைத்து, “அக்கா, அதுக்கு உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கேன்,” என்றேன்.

“கிருமிக்கா? என் பேரையா?” கரண்டி என் மூக்குக்கு நேரே நின்றது. “ஒன் வீட்டுல ஆளு இல்லியா? ஒம் மாப்பிள்ள பேர வையி!”

எபனேசர் சாரும் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லிங்கத்துரையைக் கேட்டேன். ஃப்ளெக்ஸை இறக்கிய களைப்பில் இருந்தவர் கும்பிட்டுவிட்டார். பிப்ரவரியில் வரிசையில் நின்ற பெயர்கள் ஒன்றையும் காணவில்லை. ஊரும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று பொன்னிறம் என்று பொருள்படும் ஒரு லத்தீன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். நிறம் மட்டும்தான் யாரோடும் சண்டைக்கு வராது.

அக்காவின் கடையில் நாளையிலிருந்து தினமும் மாணவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். அந்த அளவு கடன் எனக்கு இருக்கிறது.

ஜூன் 24

பதிவு நீட்டிப்புக்கு விண்ணப்பப் படிவம் வாங்கினேன். ‘தாமதத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். இரண்டு விரல் அகலம். அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர்.

“ஒடம்பு சரியில்லன்னு போடுங்க மேடம். எல்லாரும் அதத்தான் போடுதாவ. உண்மைய எழுதுனா கமிட்டியில ஆயிரம் கேள்வி கேப்பாவ.”

வீட்டுக்கு வந்து பென்சிலால் எழுதிப் பார்த்தேன். ‘உடல்நலக் குறைவு.’ அழித்தேன். ‘ஆய்வகத்தில் நேர்ந்த எதிர்பாராத பிழை.’ யாருக்கு நேர்ந்தது, யார் எதிர்பார்க்காதது? அழித்தேன். ‘ஏப்ரலில் கண்டறியப்பட்ட பிழை.’ இதைத்தான் அழிக்க வெகுநேரம் ஆயிற்று.

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் படிக்காத நோட்டு. இதிலேயே யாரை ஏமாற்ற முருங்கைக்கீரை ஆய்ந்தேன்?

ஜூன் 26

சார் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றாலும் இந்தப் படிவத்தில் நெறியாளரின் கையெழுத்து அவருடையதுதான் வேண்டும். இடுப்பில் லுங்கிச் சாரம் கட்டிக்கொண்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சாரமும் பனியனுமாக அவரைப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்கும்தான். படிவத்தை வாங்கி, நின்றபடியே படித்தார்.

கட்டத்தில் மையால் எழுதியிருந்தேன்: ‘மண் மாதிரிகளை மாற்றிக் குறித்தது என் பிழை. அது எனக்கு பிப்ரவரி 11 அன்று தெரிந்தது. மே 9 அன்றுதான் சொன்னேன்.’

“பிப்ரவரியா?” என்றார்.

“ஆமா சார். உங்ககிட்ட ஏப்ரல்னு சொன்னேன்.”

குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று வாசலில் நின்றேன். இந்த மாதிரி எழுதினால் கமிட்டி ஆறு மாதமும் தராது, ஆறு நாளும் தராது. எழுதியதை அடித்துவிட்டுத் தருவார் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆசையும் பட்டேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சார் வந்து படிவத்தை என் கையில் கொடுத்தார். நான் எழுதியதைத் தொடவில்லை. கீழே ‘நெறியாளரின் குறிப்பு’ என்ற இடத்தில், வழக்கமாக எல்லோரும் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று ஒரே சொல் எழுதும் இடத்தில், நாலு வரி இருந்தது.

‘இப்பிழை எனக்கு மார்ச் 10 அன்று தெரிந்தது. நானாகச் சொல்லவே இல்லை. மாணவி சொன்னார். பரிந்துரைக்கிறேன்.’